திங்கட்கிழமைக்கு முன் அவிழாத காப்பு

அத்தியாயம் 17

போன வாரம் புஷ்பராணியைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். சின்னமலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை மாலை. கொழும்பு வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டதாகத் தாய் கிருஷ்ணம்மா சொன்னாள். மகள் இடது கையை நீட்டினாள். மஞ்சள் துண்டு கோத்த நூலைப் பூசாரி அழகையா அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

காப்புக் கட்டியவர்கள் தீ மிதித்து முடியும்வரை தோட்டத்து எல்லைக்கு வெளியே ஓர் இரவும் தங்கக்கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம், கடைக்குப் போகலாம். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். தீ மிதிப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

இன்னும் கிடைக்காத வேலைதானே, பத்து நாளில் என்ன ஓடிவிடப் போகிறது என்றுதான் புஷ்பா நினைத்தாள். அந்த வேலை ஏற்கனவே கிடைத்துவிட்டது என்பது சனிக்கிழமை காலையில்தான் அவளுக்குத் தெரியவந்தது.

அன்று அவள் பலாபத்வலையில் ஏறிய பஸ், அலுவிகாரை தாண்டியதும் நின்றுவிட்டது. தம்புள்ளையில் பஸ்ஸுக்குள் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகாத மாசி அது. எல்லோரும் இறங்கிப் பையைத் திறந்து காட்டிக்கொண்டே நடந்து போய் அந்தப் பக்கம் மறுபடி ஏற வேண்டும். புஷ்பாவின் அடையாள அட்டையை வாங்கிய ஆமிக்காரப் பையன் அவள் கையிலிருந்த மஞ்சள் நூலைப் பார்த்தான். அவன் கையிலும் பன்சலையில் ஓதிக் கட்டிய பிரித் நூல் ஒன்று வெள்ளையாய் இருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மாத்தளை டவுனில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் பதுர்தீனின் கொம்பியூட்டர் சென்டர். ஏழு வருடத்துக்கு முன் அது வெறும் கொமியுனிகேஷன். போன் பேசலாம், போட்டோ கொப்பி எடுக்கலாம். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு அங்கே டைப் அடிக்கச் சேர்ந்த புஷ்பா, பழுதான கொம்பியூட்டரைக் கண்டிக்கு அனுப்பும் செலவைப் பார்த்துவிட்டு ஒருநாள் தானே அதைத் திறந்தாள். உள்ளே இருந்த மெமரியைக் கழற்றி, பென்சில் அழிக்கிற இறப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்து மறுபடி சொருகினாள். அது வேலை செய்தது. பதுர்தீன் அன்றைக்குச் சந்தோஷத்தில் வட்டிலாப்பம் வாங்கிக் கொடுத்தார், சம்பளத்தைக் கூட்டவில்லை.

அப்புறம் ஞாயிறு தோறும் கண்டிக்குப் போய் டிப்ளோமா படித்தாள். சென்டரில் பாடம் எடுத்தாள். கீழேயிருந்த மருந்துக் கடைக்கு, எந்த மருந்து தீரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் சின்னப் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டுதான் கொழும்புக் கம்பனிக்கு விண்ணப்பித்தாள். அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை பிடிக்கிற வேலை.

நேர்முகப் பரீட்சையில் அவளுக்குமுன் ஒரு புரோகிராமைத் திறந்து வைத்து, இதில் பிழை கண்டுபிடி என்றார்கள். புஷ்பா தன் பெயரையும் விலாசத்தையும் அடித்தாள். வீட்டு நம்பர் கேட்டது. சின்னமலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய அறைகளுக்கு ஏது வீட்டு நம்பர்? அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். புரோகிராம் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. எல்லோருக்கும் வீட்டு நம்பர் இருக்கும்தானே என்றார் ஒருவர். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் கிடையாது என்றாள் இவள். அவர்கள் சிரித்தார்கள், குறித்துக்கொண்டார்கள், பேசி அறிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள்.

மாடிப்படி ஏறி வந்தவளை உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டார் பதுர்தீன்.

"புள்ள, கம்பனில இருந்து நேத்துப் பின்னேரம் நீங்க போன பொறகு இங்க பேசினாங்க. வியாழக்கிழமையே ஒங்கட ஊட்டுக்கும் பேசினாங்களாம். ஒரு பொம்பள எடுத்துக் கதச்சாவாம், செல்லுறேன்டாவாம். நீங்க ஏன் பதில் குடுக்கல்ல?"

வீட்டில் இருப்பது ஒரே போன், அண்ணன் முத்துவீரனுடையது. ஜன்னல் ஓரத்தில் வைத்தால்தான் அதற்குச் சிக்னல் கிடைக்கும். பகலெல்லாம் அங்கேயே கிடக்கும். வியாழக்கிழமை வீட்டிலிருந்த பொம்பளை யார் என்று யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

வியாழக்கிழமை போன். வெள்ளிக்கிழமை காப்பு. நேர்த்திக் கடன் வேலை கிடைப்பதற்காக இல்லை என்பது அங்கேயே, அந்த மாடியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

பதுர்தீன் மீதியையும் சொன்னார். திங்கட்கிழமை காலை புதிய ஆட்களுக்குப் பயிற்சி தொடங்குகிறது. சனிக்கிழமை ஒரு மணியோடு கம்பனி மூடிவிடும். அதற்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதுர்தீன் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். உக்குவளையில் இன்னொரு சென்டர் திறக்க யோசனை இருப்பதாகவும், அதற்கு அவளையே மெனேஜராகப் போடலாம் என்று இருந்ததாகவும் சொன்னார். தினமும் வீட்டுக்கே போய்விடலாம், கொழும்புச் சோதனை இல்லை, பயம் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவள் போய்விட்டால் இந்த இடத்தை யார் பார்ப்பது என்ற கவலையும் அதில் பாதி இருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை.

புஷ்பா காப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். பதுர்தீன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அந்த நூலைப் பார்த்தார்.

"நான் ஒங்கள நில்லுங்கண்டு செல்றது எனக்காக. ஒங்கட உம்மா நில்லுண்டு செல்றது ஒங்களுக்காக. ரெண்டும் ஒன்டில்ல புள்ள. ஆனா ரெண்டு பேரும் ஒங்களுக்கிட்டக் கேக்காமத்தான் செல்றம்."

சொல்லிவிட்டு அவரே நம்பரைச் சுழற்றி ரிசீவரை அவள் கையில் கொடுத்தார். கொழும்பில் மருதானையிலிருக்கும் தன் ராத்தா, மூத்த சகோதரி வீட்டில் ஓர் அறை இருக்கிறது, வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதிய வேண்டிய வேலையையும் மச்சான் பார்த்துக்கொள்வார் என்று பக்கத்தில் நின்று முணுமுணுத்தார்.

மறுமுனையில் பேசிய பெண் சிங்களத்தில் மிக மரியாதையாகப் பேசினாள். பத்து நாள் தள்ளி வர முடியுமா என்று புஷ்பா கேட்டாள். முடியாது என்று அதே மரியாதையோடு பதில் வந்தது. புஷ்பா, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னாள். எப்படி வருவாள் என்று அவளுக்கே தெரியாது.

*

கிருஷ்ணம்மா லயத்துக்கு முன்னால் சாக்கு விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் இறப்பர் பால் வெட்டி முடித்துவிட்டு வந்து குளித்திருந்தாள். கணவன் பழனிமுத்து பல்லேகமைப் பக்கம் காவல் வேலைக்குப் போனவர், மாதக் கடைசியில்தான் வருவார். ஆகவே வீட்டில் கிருஷ்ணம்மா வைத்ததுதான் சட்டம். மகள் பகல் பஸ்ஸிலேயே திரும்பி வருவதைக் கண்டதும், விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. மிளகைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

யார் போன் எடுத்தது என்று புஷ்பா கேட்டாள். நான்தான் என்றாள் தாய். நல்ல மரியாதையாகப் பேசினார்கள் என்றும் சொன்னாள்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவ."

"அதுக்கு சாமியக் கொண்டாந்தா கதவுல நிறுத்துவீங்க?"

கிருஷ்ணம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்கண்ணனக் கொண்டு போனப்ப எந்தச் சாமியும் கதவுல நிக்கல. அதான் இந்தத் தடவ நானே கொண்டாந்து நிறுத்துனேன்."

முத்துவீரன் கொழும்பில் ஒரு துணிக் கடையில் வேலை செய்தவன். போன வருடம் ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸ் லொரி லொரியாக ஏற்றிய தமிழர்களில் அவனும் ஒருவன். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் விட்டார்கள். மெலிந்து வந்தான். கேட்டால், வைத்திருந்தார்கள், விட்டார்கள் என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. வந்த நாளிலிருந்து பலாபத்வலைச் சந்தியைத் தாண்டியதில்லை.

இன்னொரு விசேஷமும் அவனோடு வந்திருந்தது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் எந்நேரமும் காலில் மேசு என்கிற காலுறை போட்டிருப்பான். கறுப்பு மேசு, அதற்குமேல் ரப்பர் செருப்பு. லயத்து ஆட்கள் அவனுக்குச் சின்னத்தொரை என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். கொழும்புப் பழக்கம் என்றான், எல்லோரும் நம்பினார்கள். கோயில் பக்கமும் அவன் வருவதில்லை. தன்னைக் காப்பாற்றாத அம்மன்மேல் பிள்ளைக்குக் கோபம் என்று கிருஷ்ணம்மா நினைத்திருந்தாள். அவளும் அந்தக் கோபத்தில் கொஞ்சம் பங்கு வைத்திருந்ததால் வற்புறுத்தவில்லை.

காப்பை அறுத்துவிட்டுப் போகிறேன் என்று புஷ்பா சொன்னாள். வெறும் கோபத்தில் சொன்னதுதான். மாரியம்மன் காப்பை அறுக்கத் துணிந்தவள் அந்தத் தோட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

"அறு," என்றாள் கிருஷ்ணம்மா. "அங்க போயி ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா, நான் கட்டுன நூலாலதான் ஆச்சுன்னு சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டுக் கெடக்குறேன்."

சொன்ன பிறகுதான் தான் செய்து வைத்திருப்பது என்னவென்று அவளுக்கே உறைத்தது. மகளைத் தடுக்கக் கட்டிய நூல், மகள் போனால் அவளுக்கு எதிராகத் திரும்பப் போகிறது. கிருஷ்ணம்மாவின் முகம் வெளிறிவிட்டது. புஷ்பாவுக்குத் தாயைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

முத்துவீரன் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வியாழக்கெழம அம்மா பேசுனத நானும் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தேன், தங்கச்சி. நானும் ஒங்கிட்டச் சொல்லல."

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நாளில் பேசுகிற மொத்தப் பேச்சும் இவ்வளவு இருக்காது.

காப்பை அறுக்க வேண்டாம், மாற்றிக் கட்டலாம் என்று அவன் சொன்னான். அப்பா கால் முறிந்து கிடந்த வருடம் அவர் காப்பைப் பெரியப்பா வாங்கிக் கட்டிக்கொண்டு தீ மிதித்தாரே என்று ஞாபகப்படுத்தினான். சொந்த இரத்தமாக இருக்க வேண்டும், கட்டிய மறுநாள் விளக்கு வைப்பதற்குள் மாற்றிவிட வேண்டும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கோபத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"யாரு வாங்கிக்கிறது?" என்றாள் புஷ்பா.

"நான் வாங்கிக்கிறேன். நான்தான் எங்கேயும் போறதில்லையே."

மகன் மறுபடி கோயிலுக்கு வருகிறேன் என்கிறான். மகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஒரு நிமிடம் மறந்துவிட்டுக் கிருஷ்ணம்மா மகிழ்ந்துபோனாள். எழுந்து மஞ்சளும் வெற்றிலையும் தேடினாள். பெற்ற மனது எத்தனை விரைவில் ஏமாறுகிறது பாருங்கள்.

*

பொழுது சாயும்முன் மூவரும் கோயிலுக்குப் போனார்கள். மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். தீ மிதிப்புக்காக முன்னால் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். புது மண் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது.

பூசாரி அழகையா காரணம் கேட்டார். கிருஷ்ணம்மா உள்ளதைச் சொன்னாள், கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துத்தான் சொன்னாள். அவர் எச்சரித்தார். அவிழ்த்த காப்பு மறுபடி அதே கையில் ஏறாது. அவிழ்த்தால் அவிழ்த்ததுதான். வாங்கிக்கொள்கிறவர் தீ இறங்கியே ஆக வேண்டும். சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்று முத்துவீரன் சொன்னான்.

பூசாரி புஷ்பாவின் கையிலிருந்து முடிச்சை அவிழ்த்து நூலை வெற்றிலையில் வைத்தார். ஒரு நாள்தான் அது அவள் கையில் இருந்தது. இருந்தும் மணிக்கட்டு வெறிச்சென்று இருப்பதுபோல் பட்டது.

"வா தம்பி. கால்ல மஞ்சத்தண்ணி ஊத்தணும். மேசக் கழட்டு."

முத்துவீரன் செருப்பை ஓரமாக விட்டான். படியில் உட்கார்ந்தான். ஒரு காலுறையைக் கழற்றினான், பிறகு மற்றதை. இரண்டையும் மடித்துச் செருப்புக்குள் வைத்தான். அவசரப்படவில்லை. இதைச் செய்வதென்று முடிவெடுத்துத்தான் அவன் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தான்.

உள்ளங்கால் இரண்டும் உள்ளங்கால் மாதிரி இல்லை. தோல் கறுத்துத் தடித்து, அங்கங்கே இழுபட்டு மினுங்கியது. குறுக்கே கோடு கோடாகத் தழும்பு. இடது கால் பெருவிரலிலும் அடுத்த விரலிலும் நகம் இல்லை. அடித்த அடி அப்படியே ஆறிப்போயிருந்தது.

பூசாரியின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் மண்ணில் ஊற்றியது. கிருஷ்ணம்மா அழவில்லை. கீழே உட்கார்ந்து, மகனின் கால் இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

மத்தியானம் மகள் தன்னிடம் கேட்ட அதே கேள்வி என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க," என்றான் முத்துவீரன். கொஞ்சம் பொறுத்து, "பயப்படாதீங்கம்மா. தீ எறங்க இதுதான் நல்ல காலு. இதுல இனிமே சூடு ஏறாது" என்றான். சிரிக்கவும் பார்த்தான்.

வெற்றிலையில் காப்பு காத்திருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மகள் கையில் அது திரும்ப ஏறாது. மகன் கையில் ஏறினால் இந்தக் காலோடு அவன் நெருப்பில் இறங்க வேண்டும். கிருஷ்ணம்மாவுக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மகனின் காலை மடியிலிருந்து இறக்காமலே இடது கையை நீட்டினாள்.

"எனக்குக் கட்டுங்கண்ணே. நான் எறங்குறேன்."

முத்துவீரன் என்னவோ சொல்ல வந்தான். அவள் அவன் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பூசாரி கட்டினார். முடிச்சு இறுகியதும் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புஷ்பராணி தூணோரம் நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. கையில் காப்பு இல்லை. மருதானையில் அறை இருக்கிறது. கம்பனியில் அவள் பெயருக்கு ஓரிடம் இருக்கிறது. தடுக்கிறவர் என்று இப்போது ஒருவரும் இல்லை. அவளுக்கு எதிரில், தாயின் மடியில், அண்ணனின் உள்ளங்கால்கள் இரண்டும் இருந்தன. அவளால் அவற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கிருஷ்ணம்மா தலை நிமிராமலே கேட்டாள். கோபம் இல்லை அந்தக் குரலில். மகளைத் தயார்ப்படுத்தி அனுப்ப வேண்டிய ஒரு தாயின் சாதாரணக் கேள்வி அது.

"நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்?"

மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் போகிற எல்லா பஸ்ஸின் நேரமும் புஷ்பாவுக்கு மனப்பாடம். வேலைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்தே தெரியும். திங்கட்கிழமை வருகிறேன் என்று மத்தியானம் சொன்ன வாய்தான் அது.

இப்போது அது திறக்கவில்லை.

"ஒன்னத்தான் கேக்குறேன்," என்றாள் தாய்.